கூப்பிடாத பந்து

கேம்ப், மாடி அறை
ஜூன் 4

என் பாதி டிஃபென்ஸுக்கு,

கட்டை, எப்படிடீ இருக்கு முட்டி? வந்த அன்னைக்கே கோச் எங்க போனையெல்லாம் பிடுங்கித் தகரப் பெட்டியில போட்டுப் பூட்டிட்டார். ஆறு வாரத்துக்குக் கால்பந்து ஒண்ணுதான் துணையாம். வீட்டுக்கு எழுதிக்கோங்கன்னு ஆளுக்குப் பத்து கவர் குடுத்தார். என் பத்தும் உனக்குத்தான். எங்க வீட்டுல என் கையெழுத்தைப் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது.

கேப்டன் பட்டையை என் கையில கட்டிட்டார். உனக்குன்னு சொன்ன பட்டை. "கட்டை ஜனவரியில வர்ற வரைக்கும் நெட்டை பாத்துக்கட்டும்"னு சொன்னார். கட்டினதுல இருந்து கை அரிக்குது.

இப்ப டிஃபென்ஸ் நிலவரம். கோல் கீப்பர் நம்ம பூனைதான், பாய்ச்சல்ல குறையே இல்லை, ஆனா வாயைத் திறக்க மாட்டேங்கறா. ரைட் பேக் ரயில் முன்னாடி ஓடினா ஓடினதுதான், திரும்பி வர டிக்கெட் எடுக்கறதே இல்லை. லெஃப்ட் பேக் சாரி மாறவே இல்லை. எதிராளியைத் தட்டி விட்டுட்டு, "சாரிங்க"ன்னு கை குடுத்துத் தூக்கி விடறா. அதுக்குள்ள பந்து கோல்கிட்டப் போயிடுது.

உன் இடத்துல முதலாம் வருஷப் பொண்ணு ஒருத்தி. பேரு கூடை. போன வருஷம் வரைக்கும் பாஸ்கெட்பால் ஆடினவளாம். என்னை விட உயரம். பந்து தலைக்கு மேல வந்தா ரெண்டு கையாலயும் அழகாப் பிடிச்சுடறா! நேத்து ஒரே சாயங்காலத்துல மூணு பெனால்ட்டி. கோச் மைதானத்துலயே குந்திட்டார்.

ஜூலை 14 முதல் மேட்ச். யாரோட தெரியுமா? ஃபைனல்ல நம்மை ஜெயிச்சவங்களோடயேதான். போன வருஷம் பதினாலு மேட்சுல நாம வாங்கினது ஏழே ஏழு கோல். இந்த வருஷம் ஆறுக்கு மேல விட மாட்டேன், எழுதி வச்சுக்கோ.

காலையில கோச் ஃபைனல் வீடியோவைப் போட்டார். கடைசி நிமிஷம், உயரமா வர்ற அந்தப் பந்து, நாம ரெண்டு பேரும் அதுக்கு ஓடி மோதி விழறோம், பந்து சும்மா உருண்டு கோலுக்குள்ள போகுது. நீ முட்டியைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கறே. "நெட்டை கூப்பிட்டும் கட்டை நிக்கலை. இந்தத் தப்பை யாரும் செய்யாதீங்க"ன்னு புதுசுங்களுக்குச் சொன்னார். எனக்கு அங்க உக்காரவே முடியலை. சரி, அது போகட்டும். உடனே பதில் போடு.

உன்
நெட்டை


வீடு
ஜூன் 9

அடியே கேப்டனம்மா,

உன் கவரை அம்மா தபால் ஆபீஸ் வேலையில தபாலையெல்லாம் ஊர் வாரியா பிரிக்கும்போதே பாத்துட்டு, கையோட கொண்டு வந்துட்டா. தபால்காரர் வீட்டுக்கு வர்ற வரைக்கும் நமக்குப் பொறுமை கிடையாது பாரு.

முட்டி ஏதோ இருக்கு. காலை மடக்கறதுக்குள்ள உயிர் போயிட்டு வருது. எலக்ட்ரீஷியன் அண்ணன் இருந்தா இது ஒரு வசதி, வாசல் நிலையில கப்பி மாட்டி, ஒயரு கட்டி, மணல் பை தொங்க விட்டிருக்கான். தினம் இருநூறு தடவை இழுக்கறேன். மாடிப்படி இருபத்திரண்டு, காலையில மூணு தடவை ஏறி இறங்கறேன். பக்கத்து வீட்டுக்காரங்க ஏதோ திருடு போயிடுச்சு, தேடறேன்னு நினைச்சுட்டாங்க. ஜனவரியில வந்தே தீருவேன். நமக்கு இது கடைசி வருஷம், கடைசி ஒரு மாசமாவது உன் பக்கத்துல நிக்காம விட மாட்டேன்.

உன் டிஃபென்ஸுக்கு வர்றேன். ரயிலைத் திட்டாதே, திட்டினா இன்னும் வேகமா ஓடுவா. அவ ஏறும்போது சாரியை உள்ளே நகரச் சொல்லு. சாரிகிட்ட, மேட்ச் முடிஞ்சதும் மொத்தமா வரிசையில நின்னு மன்னிப்பு கேட்டுக்கலாம்னு சொல்லிடு. கூடை கையில ஒரு சின்னக் கல்லைக் குடு, ரெண்டு கையிலயும் ஒண்ணு ஒண்ணு. மூடின கையோட ஆடட்டும். ஒரு வாரத்துல பழகிடும். பூனைக்கு மட்டும் மருந்து தெரியலை.

அப்புறம் ஒரு விஷயம். சிரிக்காதே. போன வாரம் காது டாக்டர்கிட்டப் போனேன். ஏன்னா, நீ கூப்பிட்டேங்கறே, எனக்குக் கேக்கலை. எத்தனை தடவை யோசிச்சாலும் ஒரு சத்தமும் ஞாபகத்துல வரலை. ராத்திரியெல்லாம் யோசிச்சு மண்டை காய்ஞ்சு போச்சு. சரி, காதுலதான் கோளாறுன்னு போனேன். காதுல ஏதோ மாட்டி, மணி அடிக்க வச்சு, ஒரு மணி நேரம் பாத்தாங்க. ரெண்டு காதும் பிரமாதமா இருக்காம். அண்ணன், "காதுல ஒண்ணுமில்லை, இனி மூளையைப் பாக்கலாமா"ங்கறான்.

அப்ப ஏன்டீ கேக்கலை? நானே என்னை நம்ப மாட்டேங்கறேன். ஜனவரியில வந்து நின்னாலும் மறுபடி கேக்காமப் போயிடுமோன்னு பயமா இருக்கு. இதை உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்.

உன்
கட்டை


கேம்ப்
ஜூன் 13

கட்டை,

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். மூணாவது தடவை படிச்சிட்டு பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன்.

உன் காதுல ஒண்ணுமில்லை. நான் கூப்பிடலை.

மென்னு முழுங்காம எல்லாத்தையும் சொல்லிடறேன். ஃபைனல் அன்னைக்குக் காலையில, அடுத்த வருஷக் கேப்டன் நீன்னு கோச் சொன்னார். எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன். ஆனா வயிறு எரிஞ்சுது. மூணு வருஷமா அது எனக்குத்தான்னு நினைச்சிருந்தேன். அன்னைக்குப் பூரா உன்கூடப் பேசறதில்லைன்னு முடிவு பண்ணேன், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி. பஸ்ல உன் பக்கத்துல உக்காரலை. நீ தண்ணி பாட்டில் நீட்டினே, வாங்கலை. மேட்ச்ல உன்கிட்டச் சொல்ல வேண்டியதையெல்லாம் பூனையைப் பாத்துக் கத்தினேன். நீ கவனிச்சிருக்க மாட்டே.

அப்புறம் அந்தப் பந்து. நீ அண்ணாந்து பாத்துக்கிட்டே பின்னாடி ஓடி வர்றே. உனக்கு நான் தெரியலை. எனக்கு நீயும் தெரியறே, பந்தும் தெரியுது. ரெண்டையும் பாக்கறவதான் கூப்பிடணும், நாம வச்சுக்கிட்ட சட்டம் அது. "என்னுது"ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். நான் வாயைத் திறக்கலை. உனக்கு அடிபடணும்னு நினைக்கலை, சத்தியமா நினைக்கலை. வீம்புல மூடின வாய் அந்த நேரத்துக்குத் திறக்கலை.

உன்னை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போறாங்க. கோச் ஓடி வந்து, "கூப்பிட்டியா?"ன்னு கேட்டார். ஆமான்னு தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குத்தான் நீ காது டாக்டர்கிட்டப் போயிருக்கே.

மன்னிச்சுக்கோன்னு எழுத கை கூசுது. திட்டியாவது எழுது.

நெட்டை


ஜூன் 18

படிச்சேன். காது டாக்டர் குடுத்த சீட்டை இதோட வச்சிருக்கேன். கோச்சுகிட்டக் குடு.


கேம்ப்
ஜூன் 27

கட்டைக்கு,

குடுத்துட்டேன்.

ரெண்டு நாள் சீட்டைப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டுச் சுத்தினேன், பொய் சொல்லலை. மூணாம் நாள் கோச் மறுபடி வீடியோவைப் போட்டு, "கட்டை செஞ்ச தப்பு"ன்னு ஆரம்பிச்சார். எழுந்து நின்னுட்டேன். "அவ தப்பு இல்லை சார். நான் கூப்பிடவே இல்லை, உங்ககிட்டப் பொய் சொன்னேன்"னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். ஏன்னு கேட்டார். பொறாமைன்னு சொன்னேன். வேற வார்த்தை தேடினேன், கிடைக்கலை.

கோச் சீட்டைப் படிச்சார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு மறுபடி படிச்சார். அப்புறம் என் கையில இருந்த பட்டையை அவரே அவிழ்த்துத் தன் பையில போட்டுக்கிட்டார். "முதல் மேட்ச் வரைக்கும் இந்த டீமுக்குக் கேப்டன் கிடையாது"ன்னார். கூடவே தண்டனை. மைதானத்துல எந்தப் பந்து யார்கிட்டப் போனாலும் அது யாருதுன்னு நான் கத்தணும். நிறுத்தினா மைதானத்தை ரெண்டு சுத்து.

சாரி ரெண்டு நாள் என்கிட்ட முகம் குடுத்துப் பேசலை. ரயில், "உன்னை நம்பி எப்படிடீ முன்னாடி போறது?"ன்னு நேராவே கேட்டா. எனக்குச் சுருக்குன்னு இருந்தது. கேக்க வேண்டியதுதான், கேட்டா. பதிலா மைதானத்துல கத்தினேன். காலையில மூணு மணி நேரம், சாயங்காலம் மூணு மணி நேரம். "பூனை பந்து! சாரி, உள்ளே! ரயில், பின்னாடி!" தொண்டை கட்டிப் போச்சு. சட்டைப் பையில இருமல் மிட்டாயோட ஆடறேன்.

ஆனா ஒண்ணு நடக்குது கட்டை. நாலாம் நாள் என் குரல் சுத்தமா போயிடுச்சு, காத்துதான் வந்தது. அப்ப ஒரு கார்னர் வந்தது. பின்னாடி இருந்து "என்னுதூ!"ன்னு ஒரு சத்தம். திரும்பிப் பாக்கறேன், பூனை! நாங்க எல்லாரும் பந்தை விட்டுட்டு அவளையே பாத்துக்கிட்டு நின்னோம்.

கூடை கையில கல் குடுத்தேன். நாலு நாளா பெனால்ட்டி இல்லை.

நெட்டை


கேம்ப்
ஜூலை 3

கட்டைக்கு,

பதில் இல்லை. பரவாயில்லை. என்கிட்ட இன்னும் கவர் இருக்கு, தீர்ற வரைக்கும் எழுதுவேன்.

பசங்க காலேஜ் டீமோட பயிற்சி மேட்ச் ஆடினோம். இடைவேளை வரைக்கும் ஒரு கோலும் விடலை. அப்புறம் ஒண்ணு விட்டோம், என் தப்பு, காலை நீட்டறதுக்கு அரை நொடி தாமதம். ஆனா கூப்பிட்டுட்டுத்தான் விட்டேன். ரயில் ஏறின ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தா. மேட்ச் முடிஞ்சு என் பக்கத்துல உக்காந்து, என்கிட்ட இருந்து ஒரு இருமல் மிட்டாய் எடுத்துக்கிட்டா.

நீ நிக்கற இடத்துல கூடை நிக்கறா. நல்லா ஆடறா. இருந்தாலும் பந்து உயரமா வரும்போதெல்லாம் இடது பக்கம் உன்னைத் தேடறேன்.

முட்டி எப்படி இருக்கு? இதுக்கு மட்டுமாவது பதில் போடு.

நெட்டை


வீடு
ஜூலை 9

நெட்டை,

முட்டி தொண்ணூறு டிகிரி மடங்குது. இருபத்திரண்டு படியும் இப்ப ஆறு தடவை.

நீ எழுதினது எல்லாம் வந்தது. மேஜை மேல வச்சிருந்தேன், பிரிக்கலை. தினம் எத்தனையோ பேர் கடுதாசியைக் கொண்டு சேக்கறேன், சொந்த வீட்டுல ரெண்டு கவர் பிரிக்காமக் கிடக்குதேன்னு அம்மா நேத்துச் சத்தம் போட்டா. அப்புறம்தான் பிரிச்சேன்.

மன்னிச்சுட்டியான்னு மட்டும் கேக்காதே. உன் மேல கோபம் இன்னும் இருக்கு. ஒவ்வொரு தடவை மணல் பையை இழுக்கும்போதும் வருது. ஜனவரி வரைக்கும் இழுக்கணும், அதுவரைக்கும் வரும்னு நினைக்கறேன். முட்டி போனதை விட, மூணு மாசம் நான் என் காதையே நம்பாம இருந்தேன் பாரு, அதுதான் ஆறலை.

நான் கவனிச்சிருக்க மாட்டேன்னு எழுதியிருந்தே. கவனிச்சேன்டீ. நீட்டின பாட்டிலை நீ வாங்கலைன்னதும் தெரிஞ்சு போச்சு, என் மேல நீ கோபமா இருக்கறது. மேட்ச் முடியட்டும், சரி பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன்.

கோச்சும் நேத்துத்தான் அம்மாவோட போனுக்குக் கூப்பிட்டார். முதல்ல என்கிட்ட மன்னிப்பு கேட்டார். அப்புறம் பட்டை விஷயம். ஜனவரி வரைக்கும் யார் கட்டணும்னு நீயே சொல்லுன்னார். ஒரு நாள் டைம் கேட்டேன். ராத்திரி உன் கவர் ரெண்டையும் படிச்சிட்டு, காலையில கூப்பிட்டு, "யாரு ஜாஸ்தி கத்தறாளோ அவளுக்குக் குடுங்க சார்"னு சொன்னேன். "அதுல போட்டியே இல்லையேம்மா"ன்னு சிரிச்சார். சரி, அப்ப அவளுக்கே குடுங்கன்னுட்டேன். கை அரிச்சா அரிக்கட்டும், ஜனவரியில நான் வந்து அவிழ்த்துக்கறேன்.

பசங்க போட்ட அந்தக் கோலுக்கு ஒண்ணு சொல்றேன். நீ காலை நீட்டறே, அதான் தாமதம். ஓரடி பின்னாடி நில்லு. ஃபைனல்ல நம்மை ஜெயிச்சவங்களோட ஒன்பதாம் நம்பர் எப்பவும் பந்தை வலது காலுக்குத்தான் மாத்துவா, கூடைகிட்டச் சொல்லி வை. சாரி யாரையும் தூக்கி விடக்கூடாது, நான் சொன்னேன்னு சொல்லு. ஒரு கோல் கூட விடாதீங்க.

ஜூலை 14 அண்ணன் என்னை வண்டியில கூட்டிட்டு வர்றான். ஊன்றுகோலோட வர்றேன். உங்க கோலுக்குப் பின்னாடி நாற்காலி போடச் சொல்லி கோச்சுகிட்டக் கேட்டுட்டேன். இடைவேளையில நீ மாறுற பக்கத்துக்கு நாற்காலியும் மாறும். அங்க இருந்து கத்துவேன், என் தொண்டை நல்லாத்தான் இருக்கு. உனக்குக் காது கேக்கும்னு நினைக்கறேன்.

மேட்ச் தொடங்கறதுக்கு முன்னாடி கோட்டுக்கு வெளியில நின்னு உனக்குத் தண்ணி பாட்டில் நீட்டுவேன். எல்லாரும் பாத்துக்கிட்டு இருப்பாங்க. இந்தத் தடவை வாங்கிக் குடிடீ.

கட்டை