தள்ளுபடி

கூலாய்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள யுகேந்திரன் அண்ணனுக்கு,

லோஷினி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உங்களுக்கு இருமல் குறைந்ததா?

நேற்று ஜொகூர் பாரு உயர் நீதிமன்றத்தில் உங்களைக் கூட்டிப் போகும்போது திரும்பிப் பார்த்தீர்கள். அம்மா சிரித்துக்கொண்டே கை காட்டினார். மேல்முறையீடு தோற்ற நாளில் அம்மா ஏன் சிரிக்கிறார் என்று குழம்பியிருப்பீர்கள்.

நீதிபதி “ராயுவான் டிதோலாக்”, மேல்முறையீடு தோலாக் என்றார் அல்லவா? மலாயில் தோலாக் என்றால் நிராகரிப்பது மட்டுமல்ல, கழிப்பதும்தான். அம்மா கூட்டித் துடைக்கும் செனாய் தொழிற்சாலையில் ஒரு நாள் வராவிட்டால் விடுப்பில் ஒரு நாளைத் தோலாக் செய்வார்கள். அவருக்குத் தெரிந்த தோலாக் அதுதான். பேருந்தில் ஏறியதும், “அண்ணனுக்கு அஞ்சு வருசத்துல எத்தன தோலாக் பண்ணாங்க?” என்று கேட்டார்.

தமிழில் சொன்னால் புரியுமென்று, “தள்ளுபடி பண்ணிட்டாங்கம்மா” என்றேன். “அதான்லா நானும் சொல்றேன், தீவாளிக்குக் கடையில போடுவாங்களே” என்றார். வீடு வரும்வரை ஜன்னல் வழியே செம்பனைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கியதும் அம்மா பக்கத்து வீட்டு ராசம்மா அக்காவிடமும் தண்டனை குறைந்துவிட்டதென்று சொல்லிவிட்டார். “படிச்ச பிள்ள எழுதிக் குடுத்துச்சுல்ல, தோக்குமா?” என்று அக்கா என் முதுகில் தட்டினார்.

வக்கீல் வைக்க வழியில்லாமல் அந்த மனுவை நான்தான் எழுதினேன். நீங்கள் வேன் மட்டும் ஓட்டினீர்கள், திருடிய கேபிளைத் தொடவேயில்லை என்று மூன்று பக்கம். நீதிபதி பொறுமையாகத்தான் படித்தார். குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு அதையெல்லாம் சொல்ல முடியாது என்றார். பட்டம் வாங்கிய எனக்கு அது தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவர் உங்களிடம் கேட்டபோது நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். எழுந்து பேச எனக்கு உரிமையில்லை. இருந்திருந்தாலும் பேசியிருப்பேனா, தெரியவில்லை அண்ணே.

இந்த வெள்ளிக்கிழமை அம்மா வேலை முடிந்து வந்ததும் அவரிடம் சொல்லப்போகிறேன். ஒரு நாள்கூடக் குறையவில்லை என்று, வேறு எந்தச் சொல்லும் போடாமல்.

அடுத்த வாரம் சனிக்கிழமை உங்களைப் பார்க்க வருகிறோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனை எடுத்ததும் நீங்களே முதலில் பேசுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், பக்கத்தில் யார் படுக்கிறார்கள், எதையாவது. அம்மா பதில் பேசாமல் இருந்தாலும் நிறுத்த வேண்டாம். நேரம் முடியும்வரை போனை வைத்துவிடாதீர்கள்.

கடவுள் உங்களுக்குத் தெம்பு கொடுக்கட்டும்.

உங்கள் தங்கை,
லோஷினி