விதைநெல் தொட்டிக் குழாய்

அண்ணே,

நேற்று சிங்கப்பூரார் வீட்டுக் குளியலறையில், வெந்நீரில் நனைத்த துணியைக் குழாயின் கழுத்தில் சுற்றி வைத்தபோது அந்த வாடை எழுந்தது. கறுப்பு உருண்டையையும் வெள்ளை உருண்டையையும் ஒன்றாகப் பிசைந்து, ஒழுகும் இடத்தில் அப்புவோமே, அந்தப் பசையின் வாடை. உன் சட்டைப் பையில் எப்போதும் இருந்தது. நீ என் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

அங்கே இருக்கும் குளியல் தொட்டியில் யாரும் குளிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். மாமா சிங்கப்பூரிலிருந்து வந்து ஆசையாகக் கட்டியது. அவர் காலமான பிறகு அத்தை அதில் விதைநெல்தான் ஊறவைக்கிறார்கள். ஊறியதும் தண்ணீரை வடித்துவிட்டு, அதிலேயே ஈரச்சாக்கைப் போட்டு மூடி முளைகட்டவிடுவார்கள். அப்போது மேலே குழாய் சொட்டினால் நெல் அழுகிவிடும். குறுவைக்கு நாற்றங்கால் தயாராகிவிட்டது. மன்னார்குடியிலிருந்து வந்த ஆள், உள்ளே திருகுற ஸ்பிண்டில் இறுகிப்போச்சு, டைல்ஸை உடைச்சுக் குழாயையே மாத்தணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதனால்தான் அம்மா கேட்டதும் அத்தை வேறு வழியில்லாமல் என்னை உள்ளே விட்டார்கள்.

வாசலிலேயே சொன்னார்கள்: “போன வருசம் நீ பூசிட்டுப் போன லட்சணத்துலதான் என் விதை மொத்தமும் நாறிப்போச்சு. இந்தத் தடவையாச்சும் ஒழுங்கா பாரு.”

எனக்குப் புரியவில்லை. அவர்களே சொன்னார்கள், நீ சொன்னாயாம்: “தங்கச்சி கை வச்சுட்டா அத்தை, சின்னப்புள்ள, மன்னிச்சுக்குங்க.”

அண்ணே, அந்த வேலைக்கு நான் வரவே இல்லை. கீழ்வேளூர்ச் சித்தி வீட்டு வளைகாப்புக்கு அம்மாவோடு போயிருந்தேன். நீ தனியாகப் போனாய். திரும்பி வந்து கேட்டதற்கு, “வாஷர்தான், மாத்திட்டேன்” என்றாய்.

அறுவடை மெஷின் பெல்ட்டில் வலது கட்டைவிரல் நுனியைக் கொடுத்த பிறகு உன்னால் ஸ்பேனரை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. “கை ஆறுற வரைக்கும் கூட வா. அப்பறம் பள்ளிக்கூடம் போலாம்” என்று கூப்பிட்டாய். ஒன்பதாவதோடு வந்தேன். கை ஆறியது, பிடி வரவில்லை. நானும் திரும்பப் போகவில்லை. அதற்காக நான் உன்னைக் குறை சொன்னதே இல்லை. வீட்டுக்காரர்களிடம் நீ பேசுவாய். நான் குனிந்து வேலை செய்வேன். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பது எனக்கு எவ்வளவு நிம்மதி! இறுகின மரையை முதலில் கொஞ்சம் இறுக்கி, அசைந்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும் என்று நான் கண்டுபிடித்ததை, “அது நம்ம டெக்னிக்குங்க” என்று நீ எல்லா வீட்டிலும் சொல்வாய். நானும் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். நம்ம என்றுதானே சொன்னாய்.

நீ பைக்கில் போய் உயிரோடு திரும்பாமல் போன பிறகு ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. பொம்பளைப் பிள்ளை என்பதால்தான் என்று நினைத்திருந்தேன். இன்னும் எத்தனை வீட்டில் என் பேரைச் சொல்லியிருக்கிறாய்?

விதை அழுகிய அந்த வாரம் ஒரு சாயங்காலம் எனக்கென்று அசோகா அல்வா வாங்கி வந்தாய். என்ன விசேஷம் என்றதற்கு, “சும்மாதான், சாப்புடு” என்று எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாய். இலையில் ஒட்டியதைக்கூட வழித்துத் தின்றேன். நேற்று அந்த ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தபோது அந்த நெய் வாசனை நினைவுக்கு வந்தது.

சூட்டில் பசை இளகியது. உளியை வைத்து நெம்பினேன். குழாயின் வாயை அடைத்திருந்தது தூளாக உதிர்ந்தது. கழுத்தில் அப்பியிருந்தது ஒரே துண்டாகக் கழன்று வந்தது. உள்ளே மரையை யாரும் தொட்ட அடையாளமே இல்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, தட்டி, இறுக்கி, அவிழ்த்தேன். ஸ்பிண்டில் வெளியே வந்தபோது அதன் நுனியில் வாஷர் என்று ஒன்றுமில்லை, கறுப்பாகச் சக்கைதான் இருந்தது. படிந்திருந்த உப்பைப் புளி போட்டுத் தேய்த்து, புது வாஷர் போட்டு, நூல் சுற்றி முடுக்கினேன். மேல் தொட்டி வால்வைத் திறந்துவிட்டு வந்து பார்த்தால் ஒரு சொட்டு இல்லை.

அத்தை குழாயின் கீழே உள்ளங்கையை நீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள். பிறகு, “ம்… உங்க அண்ணனுக்கு நல்ல கை. கூடவே இருந்ததுல உனக்கும் கொஞ்சம் வந்துருக்கு” என்றார்கள்.

எப்போதும்போல் தலையை ஆட்டிவிட்டு வந்திருப்பேன். கையில் அந்தப் பசைத்துண்டு இருந்தது. ஈரமாக இருக்கும்போது நீ அழுத்திய இடங்கள் அப்படியே கல்லாகியிருந்தன. மூன்று விரல்களின் தடம் நீளமாக. கட்டைவிரல் மட்டும் மொட்டையாக, நகமில்லாமல். அதை அவர்கள் முன்னால் நீட்டினேன்.

“இது என் கை இல்லைங்க அத்தை. பாருங்க.”

வேலைக்குப் போன இடத்தில் நானாக வாய்திறந்து பேசியது அதுதான் முதல்முறை, அண்ணே. உனக்கு எதிராக.

அத்தை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்கள். இழவு வீட்டுக்கு வந்தவர்கள்தானே, உன் கை அவர்களுக்கும் தெரியும். என் கையிலேயே திருப்பி வைத்தார்கள். நான் பையைக் கட்டும்போது, “அடுப்படிக் குழாயும் ஒழுகுது. நாளைக்கு வர்றியாம்மா?” என்று கேட்டார்கள்.

இன்று போய்விட்டு வந்தேன். தொட்டியில் நெல் சாக்குக்குள் மூடியிருக்கிறது, சொட்டவில்லை. அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு நீ நல்லவனாகவே இருந்துவிட்டுப் போ.

அந்தத் துண்டு என் பையில் கிடக்கிறது, ஸ்பேனருக்கும் நூல்கண்டுக்கும் நடுவில். வரும் வழியில் வாய்க்காலில் எறியத்தான் எடுத்தேன். எறியவில்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இன்னொரு வீட்டில் கேட்டால் எடுத்துக் காட்டுவேன். ஆனால் உன் கையென்று எங்களிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

அந்தக் கட்டைவிரல் குழியில் என் விரலை வைத்துப் பார்த்தேன். என் விரல் நீளம், பொருந்தவில்லை.