பக்கத்தில் வெட்டிய குழி

பிப்ரவரி 9

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நீ உன் தங்கை வீட்டுக்குப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள். போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். "பேசினா அவர் ஜெயிச்சிடுவாரு, எழுதட்டும்" என்று நீ சொன்னதாக உன் தங்கை சொன்னாள். சரி, எழுதுகிறேன். முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம். பள்ளிக்கூடத்தை விட்டு ரிடையர் ஆனாலும் உன் சிவப்புப் பேனா சும்மா இருக்காது என்று தெரியும். போட்டுக்கொள்.

கடை நன்றாக நடக்கிறது. நெல் அறுவடை நேரம் என்று லாரிக்காரர்கள் தார்ப்பாய்க்கு வரிசையில் நிற்கிறார்கள். கயிறு ஸ்டாக் தீர்ந்து இரண்டு நாள் ஆயிற்று. காபி நானே போட்டுக்கொள்கிறேன். குடிக்க முடிகிறது, அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். யாரோ ஒரு வயசான அம்மா கேட்டில் வந்து நின்று, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாராம். நீ உள்ளே விட்டாய். "இது எங்க வீட்டுக்காரர் வெட்டினது" என்று சொல்லிவிட்டு அவர் போனார். நீ பெட்டியைக் கட்டிவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

கல்யாணத்துக்கு முன்னால் அந்த மரப்பெஞ்சு தியேட்டரில் காலைக்காட்சிக்குப் போய் நாம் பார்த்த இங்கிலீஷ் குதிரைப் படங்கள் மொத்தம் ஒன்பது. கூண்டு வண்டி வரும். கண்ணுக்கெட்டிய மட்டும் புல். அவன் வண்டியை நிறுத்தி, கைகொடுத்து அவளை இறக்குவான். நீ முந்தானையால் கண்ணைத் துடைப்பாய். நான்காவது படத்தில்தான் சொன்னாய்: "இப்படி ஒருத்தன் எனக்காக ஒண்ணுமில்லாத இடத்துல ஒரு வீடு கட்டினா, நான் தகரக் கொட்டாயில கூட இருந்துக்குவேன்." நான் வியாபாரி. வந்தவர் என்ன கேட்கிறார் என்று காதில் வாங்கிக்கொள்கிறவன். கேட்டதைக் கொடுத்தேன். ஊருக்கு வெளியே நிலம், தகரக் கொட்டகை, கிணறு. கிணற்றை என் கையால் வெட்டினேன். அங்கே முன்பே ஒரு பள்ளம் கிடந்திருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் உள்ளங்கைக் கொப்புளத்துக்கு எண்ணெய் தடவியது யார், நீதானே?

கோபம் தீர்ந்ததும் கிளம்பி வா.

உன் கயிற்றுக்கடைக்காரன்


பிப்ரவரி 15

அன்புள்ள முதலாளிக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்துப்பிழை நான்கு. 'பள்ளம்' பிழை இல்லை, பொய்.

அந்த அம்மா கிணற்றை எட்டிப் பார்த்தவுடனே சொன்னதை எழுதுகிறேன். "படி எல்லாம் அப்படியே இருக்கு. ரெண்டு காலையும் சேத்து வெச்சுத்தான் அவரால இறங்க முடியும். அதான் ஒவ்வொண்ணையும் இவ்வளவு அகலமா வெச்சாரு." கிணற்றுப் படி ஏன் இத்தனை அகலம் என்று எத்தனை முறை உங்களைக் கேட்டிருக்கிறேன். "உனக்குப் பயமில்லாம இருக்கட்டும்னுதான்" என்பீர்கள். நான் அதை ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

இன்னொன்று. தங்கை வீட்டு டிவியில் போன வாரம் நம்முடைய குதிரைப் படம் ஒன்று ஓடியது, அடியில் தமிழ் எழுத்தோடு. அவன் அவளை வண்டியிலிருந்து இறக்குகிற இடம். தியேட்டரில் நீங்கள் என் காதில் சொன்னது: "இந்த மண்ணு இத்தனை நாளா உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்துச்சுன்னு சொல்றான்." அந்த ஒரு வரிக்காகத்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். டிவியில் அவன் சொல்வது: "கோவேறு கழுதைகளை அவிழ்த்துவிடு, இருட்டப் போகிறது." தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன்.

அந்த வசனத்தை மன்னிக்கிறேன். கிணற்றில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ஜோடனை வேண்டாம்.

டீச்சர்


பிப்ரவரி 22

டீச்சரம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்தேன். கடையில் உட்கார்ந்து எழுத வரவில்லை. குடோனில் தார்ப்பாய்க் கட்டின்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நிலத்தை விற்றவர் முதலிலேயே சொல்லிவிட்டார்: "உள்ள ஒரு குடும்பம் இருக்கு. அதை நீங்க பாத்துக்கணும்." போய்ப் பார்த்தேன். கிணறு வெட்டுகிறவர், ஒரு கால் சரியில்லாதவர், மனைவி, இரண்டு குழந்தைகள். ஊருக்கெல்லாம் வெட்டிக் கொடுத்தவர் தனக்கென்று ஒன்று வெட்டிக்கொண்டிருந்தார். மேல் மண்ணுக்குக் கல் கட்டி முடித்து, கீழே பாறையில் நின்றுகொண்டிருந்தார். ஏறி வந்து கேட்டார்: "தண்ணி வந்துட்டா, இந்த மூலையில ஒரு ஓரமா நாங்க இருந்துக்கலாமா முதலாளி?"

நான் சொன்னேன்: "முதல்ல தண்ணி வரட்டும். பேசிக்கலாம்."

'பேசிக்கலாம்' என்று கடையில் தினமும் நூறு பேரிடம் சொல்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று வாங்குகிறவனுக்கும் தெரியும், விற்கிறவனுக்கும் தெரியும். அவர் வாங்குகிறவரும் இல்லை, விற்கிறவரும் இல்லை. நம்பிவிட்டார். மண் இழுக்கப் புதுக் கயிறு கொடுத்தேன். அதற்கு என்னைக் கும்பிட்டார். பதினெட்டாம் நாள் ஊற்று கண் திறந்தது. அவரே இரண்டு மைல் நடந்து கடைக்கு வந்து, ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து காட்டினார், இனிக்கிறது பாருங்கள் என்று. குடித்துப் பார்த்தேன். இனித்தது. மறுநாள் நம் லாரியையும் இரண்டு ஆட்களையும் அனுப்பினேன். நானும் போனேன். அவர் சட்டிபானையை ஏற்றினார். அந்த அம்மாதான் லாரியில் ஏறும்போது, "பேசிக்கலாம்னீங்களே" என்றார்.

உன்னைக் கூட்டிவர ஐந்து நாள் இருந்தது. கையைப் பார்த்தேன். கயிற்றுக்கடைக்காரன் கை, காய்ப்பு உண்டு, கொப்புளம் இல்லை. நீ அந்தப் படங்களில் எப்போதும் அவன் கையைத்தான் பார்ப்பாய். அதனால் கிணற்றுக்குப் பக்கத்தில், இப்போது துணி துவைக்கிற கல் இருக்கிறதே, அங்கே இரண்டு நாள் ஒரு குழி வெட்டினேன். கொப்புளம் வந்ததும் மூடிவிட்டேன். மிஞ்சிய மண்ணைக் கிணற்று மேட்டில் பரப்பினேன், புதிதாகத் தெரியட்டும் என்று. அந்த நிலத்தில் நான் வெட்டியது அந்தக் குழி ஒன்றுதான்.

இதற்குமேல் என்ன எழுத. நீ எண்ணெய் தடவினாய். நான் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைக்காரன்


மார்ச் 2

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தங்கைக்குக் காட்டவில்லை. இந்த முறை பிழையும் பார்க்கவில்லை.

நானும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வந்த முதல் நாள் கொட்டகைக்குப் பின்னால் மூன்று அடுப்புக்கல் கறுத்துக் கிடந்தன. பக்கத்தில் தக்காளிச் செடிகள். ஒவ்வொன்றுக்கும் யாரோ குச்சி நட்டு, கிழிந்த சேலைத் துண்டால் கட்டியிருந்தார்கள். முடிச்சு அவ்வளவு பதமாக இருந்தது, தண்டு நசுங்காமல். முதல் மாதம் முழுக்க அந்தத் தக்காளியைத்தான் சமைத்துப் போட்டேன், நீங்களும் சாப்பிட்டீர்கள். யார் வைத்தது என்று உங்களிடம் கேட்கவில்லை. தானாக முளைத்தது என்று நீங்கள் பொய் சொல்லக்கூட நான் வேலை வைக்கவில்லை. கேட்டால் அந்த இடம் ஒன்றுமில்லாத இடமாக இருக்காதே. எனக்கு அது ஒன்றுமில்லாத இடமாக வேண்டியிருந்தது.

அந்தப் படங்களில் தூரத்துக் குன்றின்மேல் தலையில் இறகு செருகிய சில பேர் வந்து நிற்பார்கள். நாம் பயந்துபோய் பெஞ்சு விளிம்புக்கு வந்துவிடுவோம். அவர்கள் வீடு எங்கே, ஏன் அங்கே நின்று பார்க்கிறார்கள் என்று ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. வருடா வருடம் நாற்பது பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

நேற்றும் டிவியில் ஒன்று போட்டார்கள். எல்லாம் தெரிந்த பிறகும், அவன் கைகொடுத்து அவளை இறக்கும்போது நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீங்கள் செய்ததைவிட இதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த அம்மா அன்றைக்கே சொன்னார், மகனோடு இருக்கிறாராம். பஸ் டிப்போவுக்குப் பின்னால் இஸ்திரிக் கடை. போய்ச் சொல்லுங்கள். கையில் எதுவும் கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோனால் வியாபாரம் ஆகிவிடும்.

டீச்சர்


மார்ச் 14

டீச்சரம்மாவுக்கு,

இரண்டு முறை போனேன். முதல் முறை, நீ வேண்டாம் என்று எழுதியும், புதுத் தார்ப்பாய் ஒன்றை மடித்துக்கொண்டு போனேன். அவர்கள் கடைக்கூரை ஒழுகும்போல இருந்தது. "யார் ஆர்டர் பண்ணினது?" என்றான் மகன். "வழிமாறி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். நாற்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்த வாய்.

இரண்டாம் முறை வெறுங்கையோடு போனேன். அந்த அம்மா சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பேசிக்கலாம் என்றது, பாட்டில் தண்ணீர், குழி, கொப்புளம் எல்லாம். மகன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தெருப்பக்கம் போய் நின்றுகொண்டான்.

அவர் கேட்டது ஒன்றுதான்: "கோடையிலயும் தண்ணி நிக்குதா?"

நிற்கிறது என்றேன்.

"சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு, அந்த ஊத்து வத்தாதுன்னு. சும்மா சொல்றாருன்னு நினைச்சேன். அதான் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

பிறகு அடுத்த சட்டையை எடுத்தார். ஏதாவது செய்ய வேண்டும் என்று நான் ஆரம்பித்தேன். "சொல்லிட்டீங்க இல்ல? உங்களுக்கு லேசாயிருச்சு. இனிமே என் மகன் முகத்தை நான்தான் பாத்துக்கிட்டு இருக்கணும். திரும்பி வராதீங்க" என்றார். சத்தம் போடவில்லை. சட்டையின் காலரை நீவிக்கொண்டே சொன்னார்.

லேசாகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் பேரம் மாதிரி இருந்தது. வந்துவிட்டேன்.

நீ சொன்னதைச் செய்துவிட்டேன். வருகிறாயா?

நான்


மார்ச் 19

அன்புள்ள உங்களுக்கு,

வருகிறேன். உங்களைத் தனியாக விட்டால் நீங்கள் இதையும் எப்படியாவது விற்றுவிடுவீர்கள்.

அதற்கு முன்னால் மகளுக்குச் சொல்லிவிடுங்கள். தாத்தா கிணறு வெட்டின கதையைக் கேட்டுத்தான் அந்த வீட்டில் பேரனுக்குச் சாப்பாடு இறங்குகிறது. நான் நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு அவர்கள் அதைக் கேட்டால், உங்களுக்குப் பக்கத்தில் இருந்து என்னால் தலையாட்ட முடியாது. மறுத்துப் பேசி உங்களைக் கீழே போடவும் முடியாது. நீங்களே சொல்லுங்கள். சொன்னேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அது வந்த அன்றைக்கே பஸ் ஏறுகிறேன்.

உங்கள் டீச்சர்


மார்ச் 30

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் போனில் முகத்தைக் காட்டிப் பேசினாள். சொல்வதற்கு எல்லாம் தயாராக உட்கார்ந்திருந்தேன். வெளுத்த சட்டைகூடப் போட்டுக்கொண்டேன், ஏன் என்று தெரியாது. "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா" என்று தொடங்கினேன். "இருங்கப்பா, முதல்ல இவன் சொல்லட்டும்" என்று பேரனை முன்னால் இழுத்து உட்கார வைத்தாள். பள்ளிக்கூடத்தில் அவரவர் குடும்பத்துக் கதை ஒன்றை எழுந்து நின்று சொல்ல வேண்டுமாம். "கிணத்துக் கதை சொல்லு தாத்தா, நான் எழுதிக்கறேன்" என்று பென்சிலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

சொன்னேன் டீச்சர். பழைய கதையைச் சொன்னேன்.

பாதியில் நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தக் கதைக்கு ஒரு ஓட்டம் இருக்கிறது. ஒன்றுமில்லாத நிலம் என்று ஆரம்பித்ததும் அவன் கண் விரிந்தது. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும், மரப்பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த கண் அது. அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. நன்றாகவும் சொன்னேன். கொப்புளம் வந்த இடத்தில் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். வழக்கத்தில் இல்லாத ஒன்றைப் புதிதாக வேறு சேர்த்தேன், முதல் வாளித் தண்ணீரை உனக்குக் கொடுத்தேன் என்று. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேரன் கை தட்டினான். புதன்கிழமை வகுப்பில் சொல்லிவிட்டானாம். அவன் டீச்சருக்கு ரொம்பப் பிடித்ததாம்.

முதலில் வேறொரு காகிதத்தில் 'சொல்லிவிட்டேன்' என்று ஒரே வரிதான் எழுதினேன். கவரில் போட்டு ஒட்டியும் விட்டேன். நீ வந்திருப்பாய். பிள்ளைகளிடம் நீயாக அதைக் கேட்க மாட்டாய் என்றும் எனக்குத் தெரியும். எத்தனை வருடம் வேண்டுமானாலும் அது அப்படியே ஓடியிருக்கும். தபால் பெட்டி வரைக்கும் போய் நின்றேன். திரும்பி வந்து கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ பஸ் ஏற வேண்டாம். நான் இன்னும் சொல்லவில்லை.

நான்