காலி செய்ய மறுத்த ஷீலா

அன்புள்ள தம்பிக்கு,

நம் கோபாலபுரம் வீட்டை இடித்துக் கட்டத் துடிக்கும் அந்த பில்டரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல். கீழ்ப் போர்ஷன் ஷீலா காலி செய்ய மாட்டாளாம்!

நீ சொன்னபடியே இன்று காலை போய்க் கண்டிப்பாகக் கேட்டேன். வாடகை ஒப்பந்தத்தை என் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டாள். "இன்னாத்துக்கும்மா காலி பண்ணணும்? மூணு வருஷத்துக்கு ரிஜிஸ்டர் பண்ணிக்கீது. கோர்ட்டுக்குப் போனாலும் எங்கள அசைக்க முடியாது!" என்ன குரல் அவளுக்கு! தெருவே எட்டிப் பார்த்தது.

எல்லாரும் பதினொரு மாதத்துக்குத்தானே எழுதுவார்கள் என்று கேட்பாய். போன வருஷம், வீட்டை விற்றுவிடலாம் என்று நீ போன் செய்த அதே வாரம், ஏதோ ஞாபகத்தில் மூன்று வருஷம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். வயதாகிறதல்லவா?

என்ன செய்வது, இன்னும் இரண்டு வருஷம் நான் இந்த மாடியிலேயே இருந்து அவளைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வருகிறார்கள்.

ஒரே ஒரு குறைதான். இவ்வளவு ஜோராகச் சண்டை போட்டவளுக்கு நடுவில் எத்தனையாவது ஷரத்து என்பது மறந்துபோய்விட்டது. ஆறாவது என்று நான்தான் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது.

உன் அக்கா