எட்டுப் பக்கத்தில் நீ இல்லை

இன்று காலை பிளாட்டுக்குக் கீழே புல்லுக்கு மருந்தடித்தார்கள். நாலாம் மாடி வரைக்கும் வாடை ஏறி வந்தது. இருபது வருஷம் முதுகில் மருந்து டாங்கி சுமந்தவளுக்கு அது என்ன மருந்து என்று யாரும் சொல்ல வேண்டாம். சன்னலைச் சாத்த எழுந்தேன். சாத்தாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற தமிழ் இது. பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

தோட்டத்தை விற்பதற்கு முந்தின வருஷம், மருந்தடிக்கிற பெண்களின் ரத்தத்தைச் சோதிக்க ஒரு டாக்டரம்மா வந்தாரே, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒருத்திக்கு ஒரு குழாய் எடுத்தார்கள். முடிவு தெரிந்ததும் வந்து சொல்கிறேன் என்றார். வரவில்லை. நாம் குடியிருந்த லயத்தை உடைத்தார்கள், நாம் புக்கிட் பெருந்துங் பிளாட்டுக்கு வந்தோம், ஆளுக்கொரு பேக்டரியில் சேர்ந்தோம். நாங்கள் எல்லாரும் மறந்துபோனோம். நீ மட்டும் அந்த அம்மா சட்டையில் குத்தியிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து மனசில் வைத்திருந்தாய்.

போன வருஷம் அந்தப் பெயரை உன் மகளிடம் சொல்லிக் கைப்பேசியில் தேட வைத்தாய். தலைப்பும் பத்து வரியும் வந்தன. மீதிக்குப் பூட்டு.

"இது ஜர்னல்மா. யூனிவர்சிட்டி லைப்ரரி அட்டை இருந்தாத்தான் முழுசா தொறக்கும்" என்றாள்.

"யாரு ரத்தத்துக்கு யாருடி அட்டை கேக்குறது?" என்றாய் நீ.

அடுத்த வாரமே இரண்டு பஸ் மாறி யூனிவர்சிட்டிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். வாசலில் காவலர் மாணவர் அட்டை கேட்டார். நீ சட்டைக் கையைச் சுருட்டி ஊசி குத்திய இடத்தைக் காட்டி, "இதான்லா கார்டு" என்றாய். எனக்கு மானம் போயிற்று. திரும்பிப் போகலாம் என்று உன் பையைப் பிடித்து இழுத்தேன். நீ அசையவில்லை. சத்தம் கேட்டு உள்ளே இருந்து லைப்ரரியைப் பார்த்துக்கொள்கிற மலாய்க்கார அம்மா, அந்தப் புவான், வந்தார். நல்ல மனுஷி. "மக்சிக், உட்காருங்க" என்று சொந்த அத்தையைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு நாற்காலி போட்டார்.

ஜர்னல் என்பது அலமாரியில் நிற்கிற புத்தகம் மாதிரி இல்லையாம். நூலகம் சந்தா கட்டி வாங்குமாம். கட்டாத வருஷத்து இதழ் அங்கேயும் திறக்காதாம். நம் ரத்தம் கட்டாத வருஷத்தில் மாட்டிக்கொண்டது. "நல்ல வருஷமா பாத்துத்தான் குத்திருக்கா" என்று என் விலாவில் இடித்தாய். வேறொரு நூலகத்தில் அந்த இதழ் இருக்கிறது, கேட்டு வாங்கித் தருகிறேன் என்று புவான் நிரப்பித் தர ஒரு பாரம் கொடுத்தார். எதற்காகத் தேவை என்று ஒரு கட்டம் இருந்தது. மாணவர்கள் ஆராய்ச்சித் தலைப்பை எழுதுவார்களாம். நீ பேனாவை வாங்கி, மலாயில், என் ரத்தம் என்று எழுதினாய். புவான் அதை இரண்டு தரம் படித்தார். சிரிக்கவில்லை. முத்திரை குத்தினார்.

பாரம் எழுதிக் கொடுத்த பன்னிரண்டாம் நாள், சோறு வடித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை.

பாரத்தில் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தாய். பத்தாங் பெர்ஜுந்தாய் கடையில் உன் கருமாதிக்குச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தபோது நூலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். வந்துவிட்டதாம். நான் தனியாகப் போனேன். காவலர் என்னைப் பார்த்ததும் வழிவிட்டார். கூட வந்த மக்சிக் எங்கே என்று புவான் கேட்டார். இல்லை என்றேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எட்டுப் பக்கத்தையும் மலாயில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

தோட்டத்துக்குப் பெயர் இல்லை. நமக்கும் பெயர் இல்லை. வட சிலாங்கூரில் ஒரு தோட்டம், மருந்தடிக்கும் பெண்கள், அவ்வளவுதான். கடைசியில், உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை, மேலும் ஆராய வேண்டும் என்று முடித்திருந்தார்கள். இதைச் சொல்லவா ஒரு குழாய் ரத்தம் என்று எனக்கு எரிந்தது. அப்போதுதான் புவான் மூன்றாம் பக்கத்தில் விட்டுப்போன ஒரு வரிக்குத் திரும்பினார். வெறும் வயிற்றோடு வராத ஒருவர் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

அது நீதான்.

அன்று விடியக்காலையில் பெரட்டுக்கு வந்து, வேலைக்கு ஆள் எண்ணுகிற வரிசையில் பேர் கொடுத்த கையோடு நம்மை டிஸ்பென்சரிக்கு அனுப்பினார்கள். வாயில் ஒன்றும் படக்கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். பெரட்டுக்கு வந்து கோப்பி குடிக்காமல் எவளால் நிற்க முடியும்? கோப்பியைச் சாப்பாட்டுக் கணக்கில் யார் சேர்த்தது? நீ கொண்டுவந்த பிளாஸ்க்கில்தான் எல்லாரும் குடித்தோம். எனக்கு இரண்டாம் தரமும் ஊற்றினாய். பிறகு வரிசையில் வைத்துக் கேட்டார்கள். சாப்பிட்டவர்கள் திரும்பக் காட்டு வேலைக்குப் போகணும், மற்றவர்களுக்கு அன்றைக்கு ஓய்வு என்று வேலை வாங்குகிற மண்டோர் முறைத்துக்கொண்டு நின்றார். ஒவ்வொருத்தியாக இல்லை என்று தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். நீ ஒருத்திதான், "கோப்பி குடிச்சேன்" என்றாய். வேறு யார் குடித்தது என்று மண்டோர் கேட்டதற்கு, "நான்தான் குடிச்சேன், என்னைக் கேளு" என்றாய். ரத்தத்தையும் கொடுத்துவிட்டு டாங்கியை மாட்டிக்கொண்டு போனாய்.

சாயங்காலம் வந்து, ஏன்டி சொன்னாய் என்று நான் கேட்டதற்கு, "நெசத்த சொன்னா ரத்தம் கொறஞ்சிருமா?" என்று சிரித்தாய்.

எட்டுப் பக்கத்தில் பொய் சொன்ன நாங்கள் எல்லாரும் இருக்கிறோம். நிஜம் சொன்ன ஒருத்தியை எடுத்து வெளியே போட்டுவிட்டார்கள். புவானிடம் நான் அதைச் சொல்லவில்லை. எழுதியவருக்கு மடல் போட முடியுமா என்று மட்டும் கேட்டேன். முதல் பக்கத்தின் அடியில், எறும்பு மாதிரி எழுத்தில், முகவரி இருந்தது. விரல் வைத்துக் காட்டினார்.

கீழ் வீட்டு அஞ்சலைக்கு நான் மடல் போடப்போகிற விஷயம் தெரிந்ததும் படியேறி வந்தாள். அவளும் அன்றைக்கு அந்த வரிசையில் நின்றவள்தான்.

"எல்லாரையும் மாட்டிவிடப் பாக்குறியாக்கா? செத்தவ திரும்பியா வரப்போறா?"

"வரமாட்டா. வந்தா அவளே சொல்லிருவா, நான் எதுக்கு?"

"எங்க பேரெல்லாம் வருமா?"

"உன் பேரு எப்ப வந்துச்சு, இப்ப வர்றதுக்கு? நான் குடிச்சத நான் சொல்றேன். நீ குடிச்சத நீ சொல்லு."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

நேற்று உன் மகள் தட்டச்சு செய்ய, நான் சொல்லச் சொல்ல மடல் போனது. ஆங்கிலத்தில் மாற்றாதே, நான் சொல்கிறபடியே தமிழில் அடி என்றேன். நம் தமிழை அவர் ஆள் வைத்துப் படித்துக்கொள்ளட்டும். அவருடைய எட்டுப் பக்கத்தை நாம் அப்படித்தானே படித்தோம். உன் பெயரை உன் அப்பா பெயரோடு சேர்த்து முழுசாகப் போடச் சொன்னேன். உன் மகளுக்கு அந்த இடத்தில் கை நின்றுவிட்டது. காத்திருந்தேன். பிறகு அவளே அடித்தாள்.

மடலின் கடைசி வரியை உனக்கும் சொல்கிறேன். கோப்பி எல்லாரும்தான் குடித்தோம், நாங்கள் பொய் சொன்னோம். நீங்கள் வந்து சொல்கிறேன் என்றீர்கள், வரவில்லை. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுவேன். அதற்கும் வராவிட்டால் அவர் வேலை செய்கிற இடத்து வாசலில் போய் நிற்பேன். எங்கே நின்றும் கேட்கலாம் என்கிற தைரியம் ஒன்றைத்தான் நீ எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். என் பொய்யை அச்சில் விட்டுவிட்டுச் சாக எனக்கு மனமில்லை.