பேச்சு வகுப்பு எனக்கு வேண்டும்

செப்டம்பர் 3

ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்த இந்த வருடமும் எனக்குக் கொடுக்கவில்லை. இலக்கணமும் கட்டுரையும்தான். நேராகத் துறைத் தலைவரம்மாவின் அறைக்குப் போய்க் கேட்டுவிட்டேன். ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "உங்க இங்கிலீஷ்ல ஒரு குறையும் இல்ல. ஆனா பொறந்ததுலேர்ந்து அதையே பேசுறவங்க கிட்டதான் பேசக் கத்துக்கணும்னு பசங்க நினைக்குறாங்க."

பசங்களைக் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார்.

பேருந்தில் வரும்போது ஊரிலிருந்து அக்கா போன். "என் தங்கச்சி வெளிநாட்டுக்காரங்களுக்கே இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குறான்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டு இருக்கேன்டி!" உம் கொட்டினேன்.

செப்டம்பர் 5

கோபம் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம். ஆனால் புலம்பி என்ன ஆகப்போகிறது?

இந்தக் கல்லூரியில் ஆசிரியர்கள் வருடத்துக்கு ஒரு பயிற்சி முடித்தாக வேண்டும். வழக்கமாக ஏதாவது சொற்பொழிவில் உட்கார்ந்து, பிஸ்கட் தின்று, கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். இந்த முறை நான் வேறொன்று கேட்டேன். வியாழக்கிழமைகளில் என் இலக்கண வகுப்புக்குச் சக ஆசிரியர் யாரும் வரலாம். பார்த்ததை முகத்துக்கு நேரே சொல்லலாம். பதிலுக்கு அவர்கள் வகுப்பை நான் பார்ப்பேன். தலைவரம்மா சரி என்றார்.

நான் பேசுவதைக் கேட்காமலேயே முடிவு செய்கிறார்கள் அல்லவா? வந்து கேட்கட்டும்.

செப்டம்பர் 12

யாரும் வரவில்லை.

செப்டம்பர் 19

இன்றும் இல்லை. வீட்டுக்காரர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "காபி உண்டுன்னு எழுதிப் போடு, கூட்டம் அள்ளும்" என்றார். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

செப்டம்பர் 26

வந்தார்! அதுவும் கமாக்காரர். பேச்சு வகுப்பை வருடக்கணக்காக நடத்துபவர், ஆங்கிலம் தாய்மொழி. நம் மின்னஞ்சலில் கமா தவறினால் திருத்தித் திருப்பி அனுப்புவார். அதனால் வீட்டில் நாங்கள் வைத்த பெயர்.

வகுப்பு முடிந்ததும் சொன்னார்: "நல்லா நடத்துறீங்க. ஆனா கேள்வி கேட்டுட்டு, அவங்க வாயத் திறக்குறதுக்குள்ள நீங்களே பதில் சொல்லிடுறீங்க."

சுருக்கென்றது. குறை கண்டுபிடிக்கத்தான் வந்தாரா இந்த மனுஷன்? பேருந்து நிறுத்தம் வரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் — சரியாகத்தானே சொல்லியிருக்கிறார்?

அக்டோபர் 3

கேள்வி கேட்டேன். வாயை இறுக மூடிக்கொண்டேன். யாராவது சொல்லித் தொலைங்களேன் என்று உள்ளுக்குள் ஒரே தவிப்பு. கடைசியில், இதுவரை தலையை மட்டும் ஆட்டிவந்த ஜன்னலோரப் பெண் பதில் சொன்னாள். அரைகுறை வாக்கியம்தான். அதை மறுத்து இன்னொருத்தி பேசினாள். அப்புறம் என்னை யார் தேடினார்கள்!

அக்டோபர் 8

"இப்ப உங்க முறை சார்" என்றேன். கமாக்காரர் முகம் மாறிவிட்டது. "என் வகுப்புக்கு இதுவரைக்கும் யாரும் வந்ததில்லையே."

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

யோசித்துவிட்டு, "வியாழக்கிழமை மத்தியானம் வாங்க" என்றார்.

அக்டோபர் 10

அருமையான குரல். நல்ல வேடிக்கைப் பேச்சு. ஆனால் முன்வரிசைதான் அவரோடு ஓடியது. பின்வரிசை, அவர் சிரிக்கும்போது சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஒன்றும் புரியாமல் சிரிக்கும் சிரிப்பு. கல்லூரியில் படித்த முதல் வருடம் முழுக்க நான் சிரித்தது.

சொல்வதா? நாளைக்கு இவர் தயவு எனக்குத் தேவைப்படலாம். பூசி மெழுகிவிட்டால் என்ன? — ச்சே. அப்ப எதுக்குடி இதையெல்லாம் ஆரம்பிச்சே?

அக்டோபர் 11

சொல்லிவிட்டேன். "பின்னாடி இருக்கவங்களுக்கு உங்க ஜோக் புரியல சார். உங்க முகத்தப் பாத்துதான் சிரிக்குறாங்க."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அக்டோபர் 21

இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் மின்னஞ்சலில் ஒரு கமாவைக்கூடத் திருத்தவில்லை. "கொஞ்சம் பக்குவமாச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார் வீட்டுக்காரர். சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லாமல் இருந்திருக்க முடியாது.

நவம்பர் 4

அறை வாசலில் கமாக்காரர்.

"பின்வரிசையத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். ரொம்ப மரியாதையா ஒத்துக்கிட்டாங்க." உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "இந்த மொழில எந்த இடத்துல கால் தடுக்கும்னு எனக்குத் தெரிய வழியே இல்ல. விழுந்து எழுந்தவங்களுக்குத்தான் தெரியும். பேச்சு வகுப்ப ரெண்டு பேரும் சேர்ந்து நடத்துவோமா? தலைவரம்மா கிட்ட நான் பேசுறேன்."

கண் கலங்கிவிட்டது. ஆனாலும் சொன்னேன்: "வேணாம் சார். நீங்க கூட வாங்க. நான் பேசுறேன்."

நவம்பர் 6

பேசினேன். தலைவரம்மா மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார். "என் வகுப்ப ஒரே ஒரு தடவ வந்து பாருங்கம்மா. அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றேன்.

நவம்பர் 14

தலைவரம்மா வந்தார். ஓரமாக உட்கார்ந்தார். பாதி வகுப்பில், பக்கத்துப் பையன் சொன்னதை மறுத்து அவரே விவாதத்தில் இறங்கிவிட்டார்! போகும்போது எனக்கு ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான்.

ஜனவரி 21

கமாக்காரருக்குக் காய்ச்சல். இந்த மாதம் முதல் நாங்கள் சேர்ந்து நடத்தும் பேச்சு வகுப்பை இன்று நான் தனியாக எடுத்தேன். நகரத்துப் பேருந்தில் கட்டணம் வேண்டுமா வேண்டாமா என்று மாணவர்கள் சண்டை பிடித்துக்கொண்டார்கள். நேரம் முடிந்தும் யாரும் எழவில்லை. அடுத்த வகுப்புக்காரர் கதவைத் தட்டித்தான் எங்களை வெளியே அனுப்பினார். படிக்கட்டிலும் சண்டை ஓயவில்லை. நானும் அவர்களோடு வாதாடிக்கொண்டே வாசல் வரை இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கைப்பையைத் திறந்தால், உள்ளே வகுப்பறை டஸ்டர் இருக்கிறது.