பழனியில் நான் திரும்பிய பக்கம்

அக்கா,

இன்று காலை காரை சர்வீசுக்கு விட வேண்டும் என்று உள்ளே கிடந்த குப்பையை எல்லாம் எடுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் உட்கார்ந்து வந்த முன்சீட்டைப் பின்னால் தள்ளியபோது அதன் அடியில் ஒரு பூண்டு கிடந்தது. சின்னது. மேல்தோல் காய்ந்து சருகாகியிருந்தது. ஒரு பல்லை நசுக்கிப் பார்த்தேன். எட்டு மாதம் ஆகியும் காரம் மூக்கில் ஏறியது. பூம்பாறையில் நீங்கள் இரண்டு கிலோ வாங்கி, பை கிழிந்து, மலைப்பாதை வளைவுகளில் எல்லாம் கார் முழுக்க உருண்டோடிய மலைப்பூண்டு.

சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். வாசம் இன்னும் போகவில்லை. நான் செய்த காரியத்தை உங்கள் மகளிடம் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டுக்காரர், மாமாவிடமும் சொல்லிவிட்டேன். உங்களிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

போத்தனூரில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் பத்தொன்பது வருஷம் இருந்தோம். கல்யாணமாகி ஒரே வருஷத்தில் பிரிந்து, இரண்டு பெட்டியோடு தனியாகக் குடிவந்தவள் நான். தெருவில் எல்லோரும் எங்கே வீட்டுக்காரர் என்று கேட்டார்கள். நீங்கள் மட்டும் ஒரு குண்டா ரசத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கேஸ் கனெக்சன் வர்ற வரைக்கும் எங்கூட்டுலயே சாப்பிடு அம்மணி" என்றீர்கள். வேறொன்றும் கேட்கவில்லை. பல மாதம் கழித்து நானாகச் சொல்ல ஆரம்பித்தபோது, "சொல்லோணும்னு இல்ல. மறைக்கோணும்னு தோணுச்சுன்னா பேசாம இரு. என்ற கிட்டப் பொய் மட்டும் சொல்லீராத" என்றீர்கள். அந்தப் பேச்சை நான் மறந்ததே இல்லை. மறக்காமல் இருந்தும்தான் அப்படிச் செய்தேன்.

போன ஐப்பசியில் உங்களுக்குச் சோறு இறங்காமல் போனது. புடவை இடுப்பில் நிற்கவில்லை. ஸ்கேன் எடுத்து இரண்டு நாள் கழித்து மாமா என்னைக் கடைக்கு வரச் சொன்னார். மோட்டார் வைண்டிங் கடையில் வார்னிஷ் வாசத்துக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். செம்புக்கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"கணையத்துல கட்டியாமா. முத்திப்போச்சுன்னு சொல்லிப்போட்டாங்க. ஆபரேசன் எல்லாம் முடியாதாமா."

"அக்காவுக்குத் தெரியுமாங்க மாமா?"

"அல்சருன்னு சொல்லியிருக்கறேன். தெரிஞ்சா அன்னிக்கே ஒடிஞ்சு போயிருவா. நீயும் வாயத் தொறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு அம்மணி."

நான் கையை நீட்டினேன். அவர் கையில் அடித்துக் கொடுத்தேன். பத்தொன்பது வருஷத்தில் அவர் கண்ணில் தண்ணீரை அன்றுதான் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் உங்கள் மகள் கோகிலா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போன அன்றுகூட அவர் அழவில்லை. அவள் பேரை இனி இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். நீங்களும் எடுக்கவில்லை. ஆனால் தீபாவளிக்கு அவளுக்குப் பிடித்த ஓட்டுவடையைச் சுட்டு, என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவீர்கள்.

கொடைக்கானலுக்குப் போகலாம் என்று கேட்டது நீங்கள்தான். "பழனிக்கு எத்தனையோ தடவை போயிருக்கறேன். மேல பூம்பாறையில இருக்கற குழந்தை வேலப்பரை ஒருக்காக்கூடப் பார்த்ததில்ல. மாத்திரை கொஞ்சம் கேட்குது, நடக்க முடியறப்பவே போயிட்டு வந்தர்லாம்." கடையில் வேலை கிடக்கிறது என்று மாமா சொன்னார். உங்களோடு ஒரு காருக்குள் இரண்டு நாள் உட்கார்ந்து முகத்தைக் காட்டாமல் இருக்க முடியாது என்பதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூட ஆபீசில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

பழனி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் நீங்கள் ஏ.சி.யை நிறுத்தச் சொல்லிக் கண்ணாடியை இறக்கினீர்கள். ஒவ்வொரு வளைவிலும் நான் ஹாரன் அடிக்கும்போதெல்லாம், "கொரங்கு பயந்துக்கப் போகுது, மெதுவா" என்றீர்கள். பாதி மலையில் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தீர்கள். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். எலும்பு மட்டும்தான் கையில் பட்டது. வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்து, எதிர்மலையில் விழுந்த வெள்ளைக்கோடு போன்ற அருவியைப் பார்த்து, "இத்தனை தண்ணி இங்க சும்மா ஊத்துது பாரு, எங்கப்பன் தோட்டத்துக் கெணறு வறண்டு கெடக்குது" என்று சிரித்தீர்கள்.

சாயங்காலம் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனோம். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், வடக்கே மேகம் விலகி, கீழே சமவெளி முழுக்கத் தெரிந்தது. பழனி மலை ஒரு கூழாங்கல் மாதிரி கிடந்தது. பூ விற்கிற அம்மாவிடம் போய், "ஒட்டஞ்சத்திரம் எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டீர்கள். அந்தம்மா பூத்தொடுத்துக்கொண்டே தாடையால் வலப்பக்கம் காட்டினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்து நின்றீர்கள். குளிரில் பல் கிட்டியது. வாங்கக்கா போகலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். பனிமூட்டம் ஏறி எல்லாவற்றையும் மூடிய பிறகுதான் திரும்பினீர்கள். கோகிலா ஒட்டன்சத்திரத்தில் நர்சாக இருக்கிறாள் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பூம்பாறை. மேலே ரோட்டிலிருந்து பார்த்தால் படிப்படியாகப் பச்சை வயல், நடுவில் தீப்பெட்டி அடுக்கியது போல ஓட்டு வீடுகள். போகர் செய்த சிலை என்று அர்ச்சகர் சொன்னார். நீங்கள் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்கள். வெளியே வந்து தெருமுனையில் பூண்டு விற்ற பெண்ணிடம் விலை பேசி, "மாமாவுக்குக் குழம்பு வெச்சுக் குடுக்கோணும், இந்தப் பூண்டுக்கு அவுங்க ரெண்டு வாய் அதிகமாச் சாப்புடுவாங்க" என்றீர்கள். நான் பர்சைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மத்தியானம் இறங்கினோம். பழனிக்கு வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தச் சொன்னீர்கள். நான் டீ வாங்கிக்கொண்டு வந்து காருக்குள் உட்கார்ந்தேன். நீங்கள் டம்ளரைக் கையில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தீர்களே தவிரக் குடிக்கவில்லை.

"அம்மணி, இங்கிருந்து ஒட்டஞ்சத்திரம் எவ்வளவு தூரம்?"

"முப்பது கிலோமீட்டர் இருக்குமுங்க்கா."

"நான் ஒண்ணு கேப்பேன். யோசிக்காமச் சொல்லு. எனக்கு நாளிருக்குதா?"

நான் என் டீயை ஊதினேன். நீங்களே பேசினீர்கள்.

"இல்லீன்னா இப்பவே வலப்பக்கம் திருப்பு. அவளைப் பார்த்துப்போட்டு ஊட்டுக்குப் போலாம். அவுங்க திட்டுனா நான் கேட்டுக்கறேன். இருக்குதுன்னா இன்னிக்கு வேண்டாம். அவுங்களுக்குத் தெரியாமப் போறதுக்கு மனசு ஒப்பல. தை பொறக்கட்டும். எப்படியாவது பேசி, அவுங்களையும் கூட்டீட்டே போறேன். வாசப்படியில திருடியாட்டம் போய் நிக்காம, அப்பனும் ஆத்தாளுமாப் போறேன். நீ சொல்லு. உனக்குத் தெரியும்."

அக்கா, எனக்குத் தெரியும். தை வரைக்கும் நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்று மாமாவிடம் டாக்டர் ஏறக்குறையச் சொல்லியே விட்டிருந்தார்.

"டாக்டரே சொல்லீட்டாருங்க்கா. வெறும் வயித்துப் புண்ணு. ஆறு மாசம் மாத்திரை போட்டா ஆறிரும். தைக்கு அப்புறம் மாமாவோடவே போலாமுங்க."

"நெசமாத்தான?"

"நெசமாத்தானுங்க்கா."

என் முகத்தையே பார்த்தீர்கள். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் படிக்க முடியவில்லை. நம்பினீர்களா, இல்லை, நான் தவிப்பதைப் பார்த்து என்னை விட்டுவிட்டீர்களா? "செரி. நீ சொன்னாச் செரி. வண்டிய எடு" என்று சொல்லி, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தீர்கள். நான் இடப்பக்கம், உடுமலை ரோட்டில் திருப்பினேன். பொள்ளாச்சி வரும் வரை நீங்கள் தூங்கிக்கொண்டு வந்தீர்கள்.

மாமாவுக்குச் செய்த சத்தியத்துக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. சத்தியம் ஒரு சாக்கு. நாளில்லை என்று சொன்ன அடுத்த நிமிஷம் உங்கள் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பயந்தேன். அந்தக் காருக்குள் அந்த முகத்தோடு தனியாக உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான்.

ஊருக்கு வந்த பத்தாம் நாள் கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு வாரத்தில் நினைவு தப்பியது. அன்று யாரையும் கேட்காமல் கோகிலாவுக்கு நானே போன் செய்தேன். வந்தாள். ஐ.சி.யூ. வாசலில் மாமா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் தடுக்கவில்லை. அவள் உங்கள் காதருகே குனிந்து, "அம்மா, கோகிலா வந்திருக்கறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நர்ஸ் ஆயிற்றே, மானிட்டரைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்திருக்கும். இருந்தும் சொல்லிக்கொண்டே இருந்தாள். நீங்கள் கண் திறக்கவில்லை. மறுநாள் காலை எல்லாம் முடிந்தது. அப்போது மார்கழி பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒட்டன்சத்திரம் போனேன். காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. அவள் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "வாங்க சித்தி" என்றார். என்ன தோன்றியதோ, கொஞ்ச நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டார். உங்களுக்குப் பேத்தி இருக்கிறாள் அக்கா. மூக்கு உங்களுடையது.

நடந்ததை நடந்தபடி கோகிலாவிடம் சொன்னேன். டீக்கடை, நீங்கள் கேட்டது, நான் சொன்னது, திரும்பிய பக்கம். அவள் மடியில் கிடந்த குழந்தையின் துணியை மடித்து வைத்தாள். பிறகு, "அது என்ன கிழமைங்க சித்தி?" என்றாள்.

"வியாழக்கிழமை கண்ணு."

"வியாழக்கிழமை எனக்கு லீவு. நான் ஊட்டுலதான் இருந்தேன். துணி காயப்போட்டுட்டு மாடியிலேயே நின்னுட்டிருந்திருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்துபோய் எனக்குச் சோறு போட்டாள். கிளம்பும்போது, "இதை நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க சித்தி" என்றாள். படி இறங்கும்போது பின்னாலேயே வந்து, "இல்லீங்க. சொன்னதுதான் செரி. ஆனா என்னால இப்ப உங்க மூஞ்சியப் பார்க்க முடியல" என்றாள்.

திரும்பி வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் கோபத்தில், "அவகிட்ட எதுக்குச் சொன்னே? தெரியாமயே இருந்திருப்பாளே" என்றார். அப்போதும் மறைப்பதுதான் அவருக்கு நல்லதாகப் பட்டது. பிறகு நான் சொன்னதில் ஏதோ ஒன்று அவருக்கு மெதுவாக உறைத்தது.

"என்னையும் கூட்டீட்டுப் போறேன்னா சொன்னா?"

"ஆமாங்க மாமா. அப்பனும் ஆத்தாளுமாப் போறேன்னு சொன்னாங்க."

பாதி சுற்றிய காயிலை மேசையில் வைத்துவிட்டு ஷட்டரை இறக்கினார். அதன் பிறகு என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஒட்டன்சத்திரத்துக்கு இன்றுவரை போகவில்லை. போவாரா என்றும் தெரியவில்லை.

கோகிலா இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளாகவே போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை. "அன்னிக்கு அம்மா என்ன சேலை கட்டியிருந்தாங்க?" என்று கேட்டாள். அரக்குக் கரை போட்ட பச்சை என்றேன். வைத்துவிட்டாள். அதிலிருந்து வாராவாரம் கூப்பிடுகிறாள். மலையில் என்ன சாப்பிட்டீர்கள், குளிருக்குப் போர்வை இருந்ததா, யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்று வாரத்துக்கு ஒன்றிரண்டு கேள்வி. எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன். அவளுக்கு இதமாக இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல நாக்கு எழும். அடக்கிக்கொள்கிறேன்.

போன வாரம், "அம்மாவுக்கு என் மேல கோபம் போயிருச்சுங்களா?" என்று கேட்டாள்.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்ன ஒன்றை மேலே நான் எழுதாமல் விட்டிருக்கிறேன். எழுதக் கை வரவில்லை. ஆனால் அவளிடம் சொன்னேன்.

"போகல கண்ணு. 'எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாளே, அந்தக் கோபம் என்ற கட்டை வேகற வரைக்கும் போகாது'ன்னாங்க. அதைச் சொல்லீட்டுத்தான், பனி மூடற வரைக்கும் உன்ற ஊர்ப்பக்கமே பார்த்துட்டு நின்னாங்க."

எதிர்முனையில் குழந்தை ஏதோ பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "செரிங்க சித்தி. அடுத்த ஞாயித்துக்கிழமை கூப்பிடறேன்" என்றாள்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. என்ன கேட்பாள் என்று தெரியவில்லை அக்கா. என்ன கேட்டாலும் சொல்வேன்.